உப்பு உலராத ஊரில் நின்ற வண்டி

மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தால் கல்லுப்பு கசிந்து, அடியில் தண்ணீர் கட்டியிருக்கும். யாரும் அதில் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றில் இருந்த ஈரத்தை உப்பே உறிஞ்சிக் கரைந்திருக்கிறது. இதற்கு ஓர் எல்லை உண்டு. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தூளாக நிற்க முடியாமல் கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சுத்திகரித்த பொடியுப்பை முந்திக்கொண்டு கல்லுப்பு கசிவதற்கு இதுதான் காரணம். அந்தமானின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. ஆகவே அங்கே கடற்காற்று கொண்டுவந்து இரும்பின் மேல் படியவிடும் உப்பு, ஆண்டின் பெரும்பாலான நாட்களில் ஈரமாகவே கிடக்கும். இரண்டு மூன்று மாதம் ஓட்டாமல் நிறுத்திய மோட்டார் சைக்கிளை அந்தத் தீவுகளில் மறுபடி கிளப்புவது பற்றிப் பேச வேண்டுமானால், இந்த உப்பு ஜாடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்படி வண்டிகள் நிற்கும் காலம் அங்கே ஆண்டுதோறும் வருகிறது. பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு மெயின்லேண்டுக்குக் கிளம்பினால், சென்னைக்குக் கப்பலில் மட்டுமே ஏறக்குறைய மூன்று நாள். போகவரவே ஒரு வாரம் ஆகும் பயணத்தை யாரும் பத்து நாளில் முடித்துக்கொள்வதில்லை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால், வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். ஆண்டு மழை ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர், சென்னையில் பெய்வதைப்போல் இரண்டு மடங்கு. சுற்றுலா சுருங்கும் அந்த மழை மாதங்களில் ஹேவ்லாக் எனப்பட்ட ஸ்வராஜ் தீவின் வாடகை ஸ்கூட்டர்களும் வரிசையாக நிற்கும். நின்ற வண்டியை எப்படி எழுப்புவது என்று தேடுகிறவருக்குக் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி கனடாவுக்கும் வட ஐரோப்பாவுக்கும் எழுதப்பட்டது. பனிக்காலத்தில் கொட்டகையில் பூட்டிவைத்து வசந்தத்தில் வெளியே எடுக்கும் வண்டிக்கு அது பொருந்தும். தீவில் நின்ற வண்டிக்கு வேறு ஒழுங்கு வேண்டும். அங்கே ஸ்டார்ட் பட்டன் கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியதெல்லாம் உப்பையும் ஈரத்தையும் வண்டியிலிருந்து வெளியேற்றும் வேலை. இந்த வரிசையை மாற்றுகிறவர், தேங்கி நின்ற கேட்டைத் தன் கையாலேயே இன்ஜினுக்குள் தள்ளிவிடுகிறார்.

குளிருக்கும் புழுக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை எண்களில் பார்த்தால் இது தெளிவாகும். சுழியம் டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 5 கிராம் அளவு நீராவியைத்தான் தாங்கும். 30 டிகிரியில் அதே காற்று 30 கிராம் தாங்கும். குளிர்நாட்டுக் கொட்டகையில் காற்றில் தண்ணீரும் குறைவு, வேதிவினைகளின் வேகமும் குறைவு; சுத்தம் செய்து நிறுத்திய வண்டி அங்கே ஏறக்குறைய உறங்குகிறது. தீவில் நடப்பது நேர்மாறு. வெப்பம் 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் பனிநிலை 24 டிகிரியைச் சற்றே தாண்டியது. அதாவது சுற்றியுள்ள காற்றைவிட வெறும் நான்கு டிகிரி குளிர்ந்த இரும்பின் மேல் நீர்த்துளி படியத் தொடங்கும். இன்ஜின் பிளாக், பிரேக் டிரம் போன்ற கனமான பாகங்கள் இரவில் குளிர்ந்து, காலையில் காற்று சூடேறும்போது பின்தங்கியே சூடேறும். அந்த ஒன்றிரண்டு மணி நேரம் அவை வியர்த்து நிற்கும். கூரைக்குக் கீழே நின்ற வண்டி நனையவில்லை என்று நாம் நினைக்கிறோம். மழை படாமலேயே அது நனைந்துகொண்டிருக்கிறது.

நீர் மட்டும் இருந்தால் கேடு மெல்ல நடக்கும். உப்பு சேர்ந்தால் துருப்பிடித்தல் மின்வேதி வினையாக முடுக்கம் பெறுகிறது. இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் எலக்ட்ரானை விட்டுவிட்டுக் கரைகின்றன; அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே நகர்ந்து, வேறோரிடத்தில் காற்றின் ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் சேர்கின்றன. இந்தச் சுற்று முழுமையாக, மேலே உள்ள நீர்ப்படலம் மின்சாரம் கடத்த வேண்டும். மழைநீர் அரைகுறையாகக் கடத்தும், உப்புநீர் தாராளமாகக் கடத்தும். அதோடு குளோரைடு அயனி, உலோகத்தின் மேல் இருக்கும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 60, 70 சதவீதத்தைத் தாண்டும்போது இரும்பின் அரிப்பு திடீரென்று வேகமெடுக்கிறது என்பதை 1930களிலேயே ஆங்கிலேய அறிவியலாளர் வெர்னன் சோதனையில் காட்டினார். மெஹ்ரௌலியின் இரும்புத் தூண் 1,600 ஆண்டுகளாக நிற்பதற்கு அதன் இரும்பில் கூடுதலாக உள்ள பாஸ்பரஸ் உண்டாக்கிய படலம் முதன்மைக் காரணம் என்றால், டெல்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணை நின்றிருக்கிறது. காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் மக்கள் சொல்லும் சிக்ரி, நாட்டின் பல ஊர்களில் உலோகத் தகடுகளை வெயிலிலும் மழையிலும் வைத்து அளந்து இந்தியாவுக்கான அரிப்பு வரைபடத்தை உருவாக்கியது. உள்நாட்டை விடக் கடற்கரையில் அரிப்பு பல மடங்கு என்பது அந்த அளவீடுகள் தரும் பாடம். அந்தமானிலோ கடலிலிருந்து வெகுதூரம் என்று சொல்லத்தக்க இடமே அரிது.

இதை ஏற்றுக்கொண்டால் முதல் வேலை எது என்பது தானாகவே விளங்கும். வண்டியை மூடியிருக்கும் துணியை விலக்கி, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவ வேண்டும். உப்பைக் கரைத்து அகற்றத் தண்ணீர் தவிர வேறு வழியில்லை. பாலிஷோ எண்ணெயோ அதன் மேலே பூசினால் உப்பு அடியிலேயே சிறைப்பட்டுத் தன் வேலையைத் தொடரும். கோடையில் குடிநீரே முறைவைத்து வரும் ஊரில் குழாயைப் பீய்ச்சிக் கழுவச் சொல்வது நியாயமில்லை, தேவையும் இல்லை. ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு பருத்தித் துணியும் போதும். ஒன்றால் நனைத்துத் துடைத்து, மற்றொன்றால் உலர்த்த வேண்டும். ஸ்போக், ரிம்மின் உள்விளிம்பு, மட்கார்டின் அடிப்பக்கம், சென்டர் ஸ்டாண்டின் ஸ்பிரிங், செயின் ஓடும் பகுதி என்று கண்ணில் படாத இடங்களில்தான் உப்பு தங்கும். செயினை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு கியர் ஆயில் விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். விறைத்துப்போன கண்ணி ஒன்று இருந்தால் ஸ்ப்ராக்கெட்டைத் தாண்டும்போது நேராகாமல் மடங்கியே வரும். அதைக் கண்ணால் பார்க்கலாம். பேட்டரி டெர்மினலிலும் வயர் கனெக்டர்களிலும் செம்புப் பாத்திரத்தில் காண்பது போன்ற பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அந்தக் களிம்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. பேட்டரி நன்றாக இருந்தும் செல்ப் இழுக்காத வண்டிகளில், எர்த் வயர் சேஸிஸைத் தொடும் ஒரே ஒரு போல்ட்டின் அடியில் இந்தக் களிம்பு ஒளிந்திருப்பது உண்டு.

அடுத்தது பேட்டரி. குளிர்நாட்டில் பேட்டரியின் கவலை வேறு: குளிரில் அதன் திறன் சுருங்கும், ஆனால் தானாக மின்னிழப்பது மிக மெதுவாகவே நடக்கும். ஈய-அமில பேட்டரி 20 டிகிரி சூழலில் மாதத்துக்குச் சில சதவீதம்தான் இழக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த இழப்பு ஏறக்குறைய இரட்டிக்கும். இதோடு இன்றைய வண்டிகளின் கடிகாரமும் கட்டுப்பாட்டு மின்னணுவும் சாவியை எடுத்த பிறகும் சிறிது மின்சாரம் குடிக்கின்றன. ஒரே ஒரு மில்லி ஆம்பியர் என்றாலும் மாதத்துக்கு 0.72 ஆம்பியர்-மணி. 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்று மாதத்தில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் இதிலேயே போய்விடும். காலியாகக் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் பெருத்துக் கெட்டிப்படுகின்றன. பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அவை முழுதாகக் கரைவதில்லை. ஆகவே பட்டனை அழுத்திப் பார்ப்பதற்கு முன் மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் தேவை. 12க்கும் கீழே என்றால் கழற்றி, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில், அதாவது 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியரில், ஓர் இரவு முழுக்க நிதானமாக ஏற்ற வேண்டும். இறங்கிப்போன பேட்டரியோடு செல்பை விடாமல் அழுத்துகிறவர், பேட்டரியையும் மோட்டாரையும் ஒன்றாகக் கெடுக்கிறார்.

பெட்ரோல் விஷயத்தில் மிகைப்படுத்தலைத் தவிர்ப்பது நல்லது. அரைகுறையாக நிரம்பிய டேங்க் பகலில் மூச்சு விட்டு இரவில் ஈரக்காற்றை உள்ளிழுக்கும், அதனால் தண்ணீர் நிறைந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டேங்கில் 6 லிட்டர் காற்று இருந்து, இரவுபகல் வேறுபாடு 10 டிகிரி என்றால், ஒரு நாளில் உள்ளே வருவது ஏறக்குறைய 200 மில்லி லிட்டர் காற்று. அதில் உள்ள நீராவி ஐந்து மில்லி கிராம் அளவே. நூறு நாளில் அரை கிராம், ஏறக்குறைய பத்துச் சொட்டு. பெரிய அளவு இல்லைதான். ஆனால் தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. அந்தப் பத்துச் சொட்டும் டேங்கின் மிகத் தாழ்ந்த மூலையில் போய்ச் சேர்ந்து அங்கேயே துருவைத் தொடங்கிவைக்கும். இதைவிடப் பெரிய வழி, டேங்க் மூடியைச் சுற்றியுள்ள வடிகால் துளை. அது தூசியால் அடைபட்டால் மழைநீர் தேங்கி மூடிக்குள் இறங்கும். ஆகவே கார்ப்பரேட்டர் வண்டியில், அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து, அதில் நிற்கும் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். தண்ணீர் இருந்தால் பாட்டிலின் அடியில் தனி அடுக்காக, இடையே தெளிவான கோட்டோடு நிற்கும். கொஞ்சமே இருந்தால் பாதரசம் போல உருண்டைகளாக ஓடும். இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோல் ஒற்றைப் பொருளில்லை. நான்கு முதல் பன்னிரண்டு கார்பன் அணுக்கள் கொண்ட பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. எளிதில் ஆவியாகும் இலேசான பகுதிதான் முதல் பொறியில் பற்றும். அதுவே முதலில் பறந்தும்விடுகிறது. மிஞ்சியதில் ஒரு பகுதி ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகிறது. பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை அடைக்க ஒரு துளிப் பிசின் போதும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். எத்தனால் கலப்புத் திட்டத்தை 2019 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதற்கும் விரித்தபோது, அரசு அந்தமான் நிக்கோபாரையும் லட்சத்தீவையும் விலக்கி வைத்தது. தண்ணீரை இழுப்பது எத்தனால்தானே, அது கலக்காத பெட்ரோல் என்றால் ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சித் தன்னோடு கலந்துகொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கும். அது இல்லாத பெட்ரோலில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் இலேசான பகுதி ஆவியாவதும் பிசின் படிவதும் எத்தனாலைச் சார்ந்தவை அல்ல. மூடிவழி இறங்கும் மழைநீரும் அதைச் சார்ந்ததல்ல. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றில் பம்ப் டேங்கின் அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. கார்ப்பரேட்டரைப் போல அதைத் தெருவோரத்தில் கழற்றி ஊதிச் சரிசெய்ய முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் நின்ற பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவது அங்கே சிக்கனமே. உதிரிபாகம் கப்பல் ஏறி வரும் ஊரில் ஒரு பம்ப் போனால் செலவோடு காத்திருப்பும் சேர்ந்துகொள்ளும்.

இப்போது இன்ஜினுக்குள் போகலாம். ஓடும் வண்டியில் சிலிண்டர் சுவரை ஓர் எண்ணெய்ப் படலம் காக்கிறது. மாதக்கணக்கில் நின்றால் அது வடிந்து இறங்கிவிடும். வால்வு திறந்த நிலையில் நின்ற சிலிண்டருக்குள் சைலன்சர் வழியே ஈரக்காற்று போய்வரும். சுவரிலும் பிஸ்டன் வளையத்திலும் இலேசாகத் துரு பூத்திருக்கும். அந்த நிலையில் செல்பை அழுத்தினால், துருத்தூள் உப்புத்தாள் போலச் சுவரைத் தேய்க்கும். ஆகவே சாவியைத் திருப்பாமலே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். பிறகு துளையின் மேல் துணியைப் போட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தியோ, டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் உருட்டியோ இன்ஜினைப் பத்துப் பதினைந்து சுற்று சுற்ற வேண்டும். எண்ணெய் சுவரெங்கும் பரவும். எங்காவது பிடிப்பு இருந்தால் கையே சொல்லிவிடும். செல்ப் மோட்டார் அதைச் சொல்லாது, முறித்துத்தான் காட்டும். அதே நேரம் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா, சைலன்சர் வாயில் குளவி மண்கூடு வைத்திருக்கிறதா என்று பார்க்கலாம். கிளட்ச் தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வாய்ப்பும் உண்டு. கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் விடுபடும்.

கிளப்புவதைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு, ஓடும் வண்டியை பிரேக் பிடித்து நிறுத்துவதைப் பற்றி யோசிக்காமல் இருப்பதுதான் இந்த விஷயத்தில் மிக ஆபத்தான பிழை. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். அதனால்தான் நின்ற வண்டியின் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்கிறது, டிஸ்க் காலிப்பரின் ஊசிகள் இறுகுகின்றன. டிஸ்க் பிரேக்கின் திரவமும் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகைத் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அது 155 டிகிரி வரை இறங்கலாம். மேட்டிலிருந்து தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது திரவம் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், லீவர் கைப்பிடியோடு ஒட்டும், வண்டி நிற்காது. ஏற்ற இறக்கமே தெருவாக உள்ள போர்ட் பிளேரில், அதாவது 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்ட ஊரில், இதை ஏட்டுப் பேச்சாக ஒதுக்க முடியாது. திரவம் தேநீர் நிறத்துக்குக் கறுத்திருந்தால் மாற்றிவிட வேண்டும். டயரில் காற்றை நிரப்பி, பக்கச்சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே தெருவில் இறங்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, வீட்டில் இருக்கும் யாரையாவது இரண்டு நாளுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைக்கச் சொன்னால் போதாதா என்பது அடுத்த மறுப்பு. பரவலான வழக்கம் இது. கேட்க நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும் என்பது வேதியியல். சூடான இன்ஜினில் அது நீராவியாக வெளியேறிவிடும். இரண்டு நிமிடத்தில் இன்ஜின் சூடாவதில்லை. சைலன்சருக்குள் சில மில்லி லிட்டர் தண்ணீர் படியும். கொஞ்சம் எண்ணெயிலும் கலக்கும். ஒவ்வொரு முறையும் செல்ப் எடுத்த மின்சாரத்தை ஐட்லிங்கில் ஓடும் இன்ஜின் திருப்பித் தருவதும் இல்லை. ஈரத்தை விரட்ட வேண்டிய வழக்கம் ஈரத்தைக் கூட்டிவிடுகிறது. யாராவது ஓட்ட முடியுமானால் வாரம் ஒருமுறை இருபது நிமிடம் தெருவில் ஓட்டட்டும். முடியாவிட்டால் தொடாமல் விடுவதே மேல். தினம் மழையில் ஓடும் வண்டிகள் நன்றாகத்தானே இருக்கின்றன என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஓடும் வண்டி தன் சூட்டாலும் எதிர்க்காற்றாலும் தன்னை உலர்த்திக்கொள்கிறது. நிற்கும் வண்டிக்கு அந்த வசதி இல்லை. சென்னைக்கும் கடல் உண்டே என்பவர்கள் அங்கே கத்திரி வெயில் உப்பை உலர்த்திப் போடுவதை நினைக்க வேண்டும். குளிர்நாட்டுச் சாலைகளிலும் பனியை உருக்க உப்புத் தூவுகிறார்கள். அந்த ஊர் அறிவுரையிலும் முதல் வரி, நிறுத்தும் முன் உப்பைக் கழுவு என்பதே. ஊர் எதுவானாலும் எதிரி உப்பும் ஈரமும்தான். அந்தமானில் அவை ஓய்வதில்லை.

எல்லாம் முடிந்த பிறகு பிளக்கை மாட்டி, நியூட்ரலில் வைத்து, இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் சாவியை இரண்டு மூன்று முறை போட்டு அணைத்துப் பம்ப் அழுத்தம் ஏறவிட்டு, ஐந்து நொடிக்கு மேல் போகாமல் பட்டனை அழுத்தலாம். சிலிண்டரில் விட்ட எண்ணெய் எரிவதால் முதலில் வெள்ளைப் புகை வரும். சில நிமிடத்தில் தெளியும். அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்றியபின் பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினால், உள்ளே தேங்கிய ஈரமும் அமிலமும் அதோடு போய்விடும். அடுத்த முறை ஹேடோ துறைமுகத்தில் கப்பல் ஏறுவதற்கு முந்தைய நாள், வண்டியை நல்ல தண்ணீரில் துடைத்து உலர்த்தி, டேங்கை நிரப்பி, பேட்டரி வயரைக் கழற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, தரைவரை மூடும் தார்ப்பாயைத் தவிர்த்துக் காற்றுப் புகும் பருத்தித் துணியால் மூடிவிட்டுப் போங்கள். இதற்கு ஆகும் நேரம் ஒரு மணி. அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்துவிட்டால், திரும்பி வந்த அன்று செய்ய வேண்டிய வேலையில் பாதி முன்பே முடிந்திருக்கும்.